புகையற்ற புகையும் நம் பிள்ளைகளின் ஈறுகளும்

(நமது பள்ளிவாசலில் பெற்றோர்களுக்கும் இளைஞர்களுக்குமாக நடைபெற்ற நல்லொழுக்கக் கூட்டத்தில் பள்ளியின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

     

இன்றைய கூட்டத்தில் பல்லைப் பற்றியும் ஈறைப் பற்றியும் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது சிலர் புன்னகைத்ததை நாம் கவனித்தோம். பல் மருத்துவர் பேசவேண்டிய பொருளை இமாம் ஏன் எடுத்துக்கொண்டார் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் அறியாத ஒரு பொருளைப் பற்றி, அறிந்தவர்போல ஒரு சொல் சொல்லிவிட்டோம். அந்தச் சொல்லை நம்பிய ஒரு குடும்பம் அதற்கு விலை கொடுத்தது. எந்த இடத்தில் அமர்ந்து தவறாகச் சொன்னோமோ அந்த இடத்திலேயே நின்று அதைத் திருத்துவது நமது கடமை. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்துடனேயே, பெயர் குறிப்பிடாமல், இதை இங்கே எடுத்துரைக்கிறோம்.

நாம் சொன்ன சொல்

2022ஆம் ஆண்டு ரமளானின் பிற்பகுதி. அஸர் தொழுகை முடிந்து மக்கள் கலைந்தபின் நமது ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தகப்பனார் நம் அருகே வந்து அமர்ந்தார். அவருடைய மகன் வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர்; அப்போது விடுமுறையில் ஊர் வந்திருந்தார். தகப்பனார் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஹஜ்ரத், பையன் சிகரெட்டை விட்டு மூணு வருஷம் ஆகுது. அதற்குப் பதிலாகப் பேனா மாதிரி ஒரு சாமான் வைத்திருக்கிறான். வேப் என்கிறான். புகை கிடையாது, வெறும் ஆவிதான் என்கிறான். நோன்பு தொடங்கியதும் அதையும் நிறுத்தினான். நிறுத்திய சில நாளில் மிஸ்வாக் செய்தால் ஈறிலிருந்து ரத்தம் வருகிறது. பயந்துபோய் நோன்பு திறந்தபின் மறுபடியும் இழுக்கத் தொடங்கிவிட்டான். இப்போது ரத்தம் நின்றுவிட்டதாம். 'பார்த்தீர்களா அத்தா, இது வாய்க்கு நல்லதுதான்' என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அன்பர்களே! அன்று நாம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டே, "சிகரெட்டுக்கு இது தேவலைதானே பாய்! போகப் போக இதையும் விட்டுவிடுவான்" என்று கூறினோம். அவர் நிம்மதியாக எழுந்து போனார். மார்க்கச் சட்டத்தில் ஒரு ஐயம் கேட்டிருந்தால் கிதாபைப் புரட்டிப் பார்க்காமல் பதில் கூறியிருக்க மாட்டோம். உடல்நலம் பற்றிய ஐயத்திற்கு மட்டும், ஒருவரையும் கேளாமல், ஒரு வரியில் தீர்ப்பளித்துவிட்டோம்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் அந்த இளைஞர் மீண்டும் ஊர் வந்தார். வயது 28. கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. ஆப்பிளைக் கடிக்க முடியவில்லை. நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். தகப்பனாருடன் நாமும் பல் மருத்துவரிடம் சென்றோம். மருத்துவர் மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டுப் பார்த்தார். நலமான வாயில் அவ்விடத்தின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டுமாம். அவருக்குச் சில இடங்களில் 7 மில்லிமீட்டர் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் பல்லைத் தாங்கும் எலும்பு பாதி கரைந்திருந்தது. ஆடிய இரு பற்களையும் எடுக்க வேண்டியதாயிற்று.

"ஒருநாளும் ரத்தம் வரவில்லையே டாக்டர்! வலியும் இல்லையே!" என்றார் அந்த இளைஞர்.

"அதுதான் தம்பி ஆபத்து" என்றார் மருத்துவர்.

இரத்தம் வராமை நலமன்று

அன்று அவர் விளக்கியதையும், அதன்பின் நாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் சுருக்கமாகக் கூறுகிறோம்.

பல் துலக்காத இடங்களில் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அது நாளடைவில் இறுகிக் காரையாகிறது. உடல் அக்கிருமிகளை எதிர்த்துப் போரிட இரத்தத்தை அவ்விடத்திற்கு மிகுதியாக அனுப்புகிறது. ஈறு சிவந்து, தடித்து, தூரிகை பட்டவுடன் கசிகிறது. அந்தக் கசிவு நோயாளிக்கு உடல் தரும் எச்சரிக்கை. அதைக் கண்டு மருத்துவரிடம் போகிறவர் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

நிகோட்டின் என்ன செய்கிறது? இரத்த நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. ஈறுக்கு வரும் இரத்தம் குறைகிறது, கசிவும் குறைகிறது. உள்ளே கிருமிகள் வேலையை நிறுத்துவதில்லை. போரிடவேண்டிய படைக்கு வழி அடைபட்டதால் அவை இன்னும் தாராளமாக ஈறுக்கடியில் இறங்குகின்றன. பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் சிறிது சிறிதாக அரிக்கப்படுகின்றன. ஊரில் திருடன் புகுந்தபோது காவலாளியின் வாயைக் கட்டிவைத்ததற்கு ஒப்பானது இது. ஓசை இல்லாததால் வீட்டார் நிம்மதியாக உறங்குகிறார்கள்.

ரமளானில் அந்த இளைஞருக்கு இரத்தம் வந்ததன் பொருளும் இப்போது விளங்குகிறது. புகைப்பழக்கத்தை விட்டவர்களுக்குச் சில வாரங்களில் ஈறின் இரத்த ஓட்டம் திரும்புகிறது. அதுவரை மறைந்திருந்த வீக்கம் வெளிப்பட்டுக் கசிகிறது. காவலாளியின் வாய்க்கட்டு அவிழ்ந்தது, அவன் கூச்சலிட்டான். அந்தக் கூச்சலையே நோய் என்று நாம் எண்ணிவிட்டோம். அன்று நாம், "இரத்தம் வருகிறதா? உடனே பல் மருத்துவரைப் பாருங்கள்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பற்கள் இன்று நிலைத்திருக்கக்கூடும். இதைச் சொல்லும்போது நமது உள்ளம் கனக்கிறது.

மருத்துவர் எல்லாப் பழியையும் அக்கருவியின் மீது மட்டும் சுமத்தவில்லை என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். அந்த இளைஞர் அதற்குமுன் சில ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர். பல் மருத்துவரிடம் போகாமலே இருந்தவர். எல்லாம் சேர்ந்தே விளைவு ஏற்பட்டது. ஆனால் சிகரெட்டை விட்டதும் ஈறு தப்பித்துவிட்டது என்று அவரும் நாமும் நம்பியது தவறு.

மலையில் கண்ட காட்சி

நமது ஊர்க்காரர்களுக்கு இது புதிய பாடமன்று. சில ஆண்டுகளுக்கு முன் கடுக்காய் வாங்கச் சென்ற வியாபாரி ஒருவருடன் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு மலையாளிப் பெரியவர், திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தவர், புகையிலையைக் கன்னத்தில் அடக்கியிருந்தார். பேச்சினிடையே தாமே வாயைத் திறந்து காட்டினார். புகையிலையை அடக்கும் வலப்பக்கத்தில் ஈறு இறங்கி, பல்லின் வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது. இடப்பக்கத்தில் பற்கள் ஓரளவு ஒழுங்காகவே இருந்தன. "இந்தப் பக்கம் போனது இதனால்தான் சாமி, தெரிகிறது, விட முடியவில்லை" என்றார்.

எழுதப் படிக்க அறியாத அந்தப் பெரியவர் தமது வாயைக் கொண்டே உண்மையை அறிந்திருந்தார். புகையிலை எங்கே தங்குகிறதோ அங்கே தீங்கு. பழைய புகையிலைக்கு வாயில் ஒரு பக்கம் இருந்தது. இப்புதிய கருவியின் ஆவிக்குப் பக்கம் என்பதே இல்லை. அது நாக்கு, அண்ணம், இரு கன்னங்கள், எல்லா ஈறுகள் என்று வாய் முழுவதும் பரவி, பிறகு நெஞ்சுக்குள் இறங்குகிறது.

ஆவியா, வேறொன்றா?

வேப் என்றும் இ-சிகரெட் என்றும் அழைக்கப்படும் இக்கருவி, இன்றைய வடிவில் சீன நாட்டு மருந்தாளுநர் ஹோன் லிக் என்பவரால் 2003 வாக்கில் உருவாக்கப்பட்டது. உள்ளே ஒரு மின்கலம், ஒரு சுருள் கம்பி, ஒரு திரவம். இழுத்தவுடன் கம்பி சூடாகித் திரவத்தைப் பனிமூட்டம்போல் ஆக்குகிறது. இட்லிப் பானையிலிருந்து எழும் நீராவி போன்றது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது நீராவி அன்று. அத்திரவத்தில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்னும் இரு பொருள்கள். அவற்றுடன் வாசனைப் பொருள்களும், பெரும்பாலும் நிகோட்டினும் கலந்திருக்கின்றன. சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்களும், கம்பியிலிருந்து நிக்கல் போன்ற உலோகத் துகள்களும் அதில் சேருகின்றன.

இவை பல்லுக்கு என்ன செய்கின்றன? புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, வாயை உலர்த்துகிறது. உமிழ்நீர் என்பது அல்லாஹ் நமது வாயில் வைத்த காவல். அது அமிலத்தைத் தணிக்கிறது, கிருமிகளை அலம்புகிறது, பல்லின் எனாமலுக்குச் சுண்ணச் சத்தைத் திரும்பக் கொடுக்கிறது. அது வற்றினால் பல் பாதுகாப்பிழக்கிறது. கிளிசரினோ பிசுபிசுப்பானது. இனிப்பு வாசனைப் பொருள்களுடன் அது பல்லில் ஒட்டும்போது கிருமிகளும் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. 2018இல் 'ப்ளாஸ் ஒன்' என்னும் அறிவியல் இதழில் வெளியான ஆய்வொன்றில், இனிப்பு வாசனையூட்டிய திரவத்தின் ஆவி பட்ட எனாமலில், பற்சொத்தைக்குக் காரணமான கிருமிகள் நான்கு மடங்கு அதிகமாக ஒட்டின. கிருமிப் படலம் இரு மடங்காயிற்று. சில வாசனைப் பொருள்களால் எனாமலின் கடினத்தன்மை 27 சதவீதம் குறைந்தது. இது ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை. மனித வாயில் உமிழ்நீரும் உணவும் சேருவதால் அளவு மாறலாம். ஆயினும் தீங்கின் திசை தெளிவாகவே தெரிகிறது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 119 பேரைச் சோதித்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, ஈறு நோயோ தொற்றோ இருந்தவர்கள் புகைக்காதவர்களில் 28.2 சதவீதம், இ-சிகரெட் இழுப்பவர்களில் 42.5 சதவீதம், சிகரெட் புகைப்பவர்களில் 72.5 சதவீதம். அதே நாட்டின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பல் மருத்துவமனைக்கு 2019 முதல் 2022 வரை வந்த 13,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்ததில், வேப் பயன்படுத்துவதாகக் கூறியவர்களில் 79 சதவீதத்தினர் பற்சொத்தைக்கு மிகுந்த வாய்ப்புள்ளவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டார்கள். பயன்படுத்தாதவர்களில் அது 60 சதவீதம். வேப் இழுப்பதாக ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலரே என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை.

இப்போது நாம் அன்று சொன்ன சொல்லை இந்த எண்களின் முன் வைத்துப் பார்ப்போம். "சிகரெட்டுக்கு இது தேவலை." ஈறைப் பொறுத்தவரை 72ஐ விட 42 குறைவுதான். ஆனால் 28ஐ விட 42 அதிகமல்லவா? பத்து முழ ஆழக் கிணற்றில் விழுவதைவிட ஐந்து முழக் கிணற்றில் விழுவது தேவலை என்றால், பிள்ளையை அதில் தள்ளிவிடலாமா? சிகரெட்டையே தொட்டறியாத பள்ளி மாணவன் இதை இழுக்கத் தொடங்கினால், அவனுக்கு இது எந்த வகையில் தேவலை? அன்று இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவில்லை.

மறைவே இதன் வலிமை

அருமைப் பெற்றோர்களே! பீடியும் சிகரெட்டும் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். சட்டையில் நாற்றம், விரலில் கறை, சட்டைப் பையில் தீப்பெட்டி என்று தாய் கண்டுகொள்வாள். இக்கருவியோ மாம்பழ வாசனையும் புதினா வாசனையும் வீசுகிறது. எழுதுகோல்போலவும், கணினியில் செருகும் பென்டிரைவ் போலவும் தோற்றமளிக்கிறது. பள்ளிப் பையில் கிடந்தாலும் தந்தைக்கு அடையாளம் தெரியாது. தொழுகை வரிசையில் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. வெளியே வாசனையால் மறைகிறது. உள்ளே ஈறின் இரத்தத்தை அடக்கி மறைகிறது. நம்மைப் போன்றோர் அறியாமல் சொல்லும் ஆறுதல் வார்த்தையும் அந்த மறைவுக்குத் துணை போகிறது.

மறைவாக விற்கப்படும் எதிலும் இன்னொரு பேராபத்து உண்டு. அதில் என்ன இருக்கிறது என்று வாங்குபவனுக்குத் தெரியாது. இதைக் கள்ளக்குறிச்சி மக்களுக்கு விளக்கவும் வேண்டுமா? 2024 ஜூன் மாதத்தில் நமது நகரின் கருணாபுரத்தில் என்ன நடந்தது? பாக்கெட்டில் அடைத்து விற்ற சாராயத்தில் மெத்தனால் இருந்தது. அதை வாங்கியவர் எவரும் மெத்தனால் என்று அறிந்து வாங்கவில்லை. 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஒரே தெருவில் வரிசையாக உடல்கள் கிடத்தப்பட்டிருந்த காட்சி நமது கண்ணைவிட்டு இன்னும் அகலவில்லை.

வேப் இழுப்பதும் விஷச் சாராயமும் ஒன்று என்று நாம் கூறவில்லை. மறைவில் வரும் திரவத்திற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை என்பதே இரண்டிற்கும் பொதுவான செய்தி. அமெரிக்காவில் 2019இல் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரையிலான கணக்கின்படி 2,807 பேர் மருத்துவமனை நாடினர் அல்லது உயிரிழந்தனர். அவர்களுள் இறந்தோர் 68 பேர். பெரும்பாலும் முறையற்ற வழியில் வாங்கிய, கஞ்சாச் சத்து அடங்கிய குப்பிகளில் வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருளைக் கலந்திருந்ததே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதே நாட்டின் நெவாடா மாநிலத்தில் 2018இல், 17 வயதுச் சிறுவன் ஒருவன் இழுத்துக்கொண்டிருந்தபோதே கருவி வெடித்துத் தாடை எலும்பு உடைந்து, பற்கள் சிதறின.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018இலேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வாண்டு டிசம்பரில் அதை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. இதன்படி தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, கொண்டு செல்வது, விளம்பரம் செய்வது ஆகிய அனைத்தும் குற்றம். முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். விற்பனைக்காக இருப்பு வைத்தாலும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

நமது ஜமாஅத்தில் கடை வைத்திருப்போர் பலர். வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் சொல்லி, நண்பர்களுக்காக நாலைந்து வாங்கி வரச் செய்யும் இளைஞர்களும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். சில வளைகுடா நாடுகளில் இது சட்டப்படி விற்பனையாவதால், இங்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பிறர் பிள்ளையின் பல்லைக் கெடுத்துச் சம்பாதிக்கும் காசில் பரக்கத் எப்படி வரும்?

மார்க்கத்தின் பார்வை

புகையிலையைப் பற்றி உலமாக்களிடையே மக்ரூஹ் என்றும் ஹராம் என்றும் கருத்துகள் உண்டு. ஆனால் தன்னைத் தானே அழிவுக்கு உள்ளாக்குவது கூடாது என்பதில் இருவேறு கருத்தில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தை நாம் பலமுறை ஓதியும் கேட்டும் இருக்கிறோம். நோன்பு நேரத்தில் இந்த ஆவியை வேண்டுமென்று உள்ளிழுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்பதையும் இளைஞர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். "ஆவிதானே, உணவு இல்லையே" என்ற வாதம் செல்லாது.

பெருமானார் (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை எந்த அளவு வலியுறுத்தினார்கள் என்பதை மத்ரஸாச் சிறுவனும் அறிவான். தமது இறுதி வேளையிலும் அன்னார் மிஸ்வாக் செய்ததை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. உலக சுகாதார நிறுவனமும் 1986இல் மிஸ்வாக்கைப் பரிந்துரைத்தது. ஐவேளை ஒளுவில் வேளைக்கு மூன்று முறையாக, நாளொன்றுக்குப் பதினைந்து தடவை வாய் கொப்பளிக்கக் கற்பிக்கப்பட்ட உம்மத் நாம். அத்தனை முறை கழுவித் தூய்மையாக்கும் வாயை, மறுகணமே நச்சு மூட்டத்தால் நிரப்புவது என்ன நியாயம்?

ஒன்றைத் தெளிவுபடுத்துகிறோம். மிஸ்வாக் செய்கிறோம், மலையிலிருந்து வந்த கடுக்காயில் பொடி செய்து துலக்குகிறோம், ஆகவே எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எவரும் இருந்துவிடக் கூடாது. அவை நல்ல பழக்கங்களே. ஆனால் இறுகிய காரையை மருத்துவரின் கருவிதான் அகற்றும். கரைந்த எலும்பை மிஸ்வாக்கோ பொடியோ திரும்பக் கொண்டுவராது. சுன்னத்தைப் பேணுவதுடன் மருத்துவத்தை நாடுவதும் நமக்குக் காட்டித் தரப்பட்ட வழியே.

செய்ய வேண்டியவை

முதலாவது: ஆறு மாதத்திற்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். இரத்தம் வரவில்லை, வலி இல்லை என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஈறு இறங்குதல், பல் நீண்டு தோன்றுதல், வாய் உலர்தல், தீராத வாய் நாற்றம், பல் ஆடுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். ஈறு நோய் சர்க்கரையைக் கூட்டும், சர்க்கரை ஈறு நோயைக் கூட்டும். செலவுக்கு அஞ்சுவோர் அரசு மருத்துவமனைகளின் பல் மருத்துவப் பிரிவை நாடலாம்.

இரண்டாவது: மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அத்தாவின் முன் சொல்ல வெட்கமாக இருந்தால் அவரை வெளியே அமரச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். பழக்கம் தெரிந்தால்தான், இரத்தம் வராத ஈறையும் மருத்துவர் ஐயத்துடன் பார்ப்பார்.

மூன்றாவது: விட்டபின் சில வாரங்கள் ஈறு கசியக்கூடும். அஞ்சி மீண்டும் அதையே நாடாதீர்கள். அது உயிர் திரும்பும் அடையாளமாக இருக்கலாம். சுத்தம் செய்யவேண்டிய நோய் உள்ளே இருக்கிறது என்பதற்கும் அடையாளம். மருத்துவரைப் பார்த்துக்கொண்டே விட்டொழியுங்கள். தனியாக விட முடியாதோருக்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் உண்டு, அதற்குக் கட்டணமில்லை.

நான்காவது: பெற்றோர்களே, பிள்ளையிடம் அக்கருவியைக் கண்டால் உடனே கை ஓங்காதீர்கள். அடித்தால் அவன் இன்னும் ஆழமாக மறைப்பான். மறைவில்தான் இது வளர்கிறது என்பதை இவ்வளவு நேரம் பேசினோம். அருகில் அமர்த்திக் கேளுங்கள். தேவையானால் நம்மிடம் அழைத்து வாருங்கள். இம்முறை தஸ்பீஹை உருட்டிக்கொண்டு பதில் சொல்லமாட்டோம். உடன் எழுந்து மருத்துவரிடம் வருவோம்.

நிறைவாக

அந்த இளைஞர் இப்போது நமது ஊரிலேயே இருக்கிறார். கருவியை விட்டுவிட்டார். ஈறுகளுக்கு ஆழமான சுத்தம் செய்யும் சிகிச்சை நடந்தது. மருத்துவர் அளந்து பார்த்தபோது மற்றப் பற்களைச் சுற்றிய ஆழம் குறைந்திருந்தது. இழந்த இரண்டும் இழந்தவைதாம். அங்கே கட்டுப்பல் இருக்கிறது. நாம் அவரது வீட்டிற்குச் சென்று தகப்பனாரிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டோம். தகப்பனார் நமது கையைப் பற்றிக்கொண்டு, "நீங்கள் சொன்னதால் நான் கேட்டேன் என்பது உண்மைதான் ஹஜ்ரத். இனி நீங்கள் சொல்வதையும் ஊர் கேட்கும். சரியானதைச் சொல்லுங்கள்" என்றார்.

அவருடைய வார்த்தையை ஏற்றே இன்று இங்கே நிற்கிறோம். அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவையும், அறிந்தோரைக் கேட்கும் பணிவையும் அல்லாஹ் நமக்கும், நம்மை நம்பிக் கேட்போருக்கும் தருவானாக! நம் பிள்ளைகளின் வாயையும், உடலையும், ஈமானையும் எல்லாக் கேடுகளிலிருந்தும் காப்பானாக! கருணாபுரத்தில் குடும்பத் தலைவர்களை இழந்து தவிக்கும் வீடுகளுக்கு ஆறுதலையும் வாழ்வாதாரத்தையும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.